மாதா கெபிக்கு முன்னால் வண்டி எண்ணிய வாரம்

அது அக்டோபர், எங்களுக்கு ஜெபமாலை மாதம். மழை இன்னும் பிடிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டு மதிலை ஒட்டி ரோட்டோரத்தில் ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே இருந்த கரண்டுக் கம்பத்தில் சின்னதாக ஒரு கேமராவும் கட்டியிருந்தார்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என் மனைவி எல்லாருடைய ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"அதெல்லாம் வேணாம்மா. நான் வண்டி எண்ண வந்திருக்கேன்."

"எந்த வண்டிம்மா?"

"போற வர்ற எல்லா வண்டியுந்தாம்மா."

மனைவி உள்ளே வந்து அட்டைகளைப் பீரோவில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "வண்டி எண்றதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாம். நாம பாரு, இத்தினி வருஷமா சும்மாவே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அகலப்படுத்தினால் வரிசையாக எல்லா வீட்டுப் படிக்கட்டும் போகும், சிலருக்கு முன்னறையும் போகும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போகக்கூடியது எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த மாதா கெபிதான். அது மதிலுக்கு வெளியே, தாரின் விளிம்பிலேயே நின்றது. நாலு பக்கமும் சிமெண்டுத் தூண், மேலே குட்டிக் கோபுரம், கண்ணாடிக் கதவுக்குள்ளே மாதா சுரூபம். சுரூபம் வேளாங்கண்ணியில் வாங்கி வந்தது. கீழே பதித்திருந்த வெள்ளை ஓடுகள் நான் வேலை பார்க்கும் செராமிக் யூனிட்டில் ஓரம் உடைந்ததென்று கழித்தவை. கதவுச் சாவி என்னிடம் இருந்தது. வேலைக்குப் போகும்முன் துடைத்து, மாலையில் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, ஊரில் ஒரு பொறுப்பு என்று சொன்னால் அது ஒன்றுதான்.

அந்த இடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. கெபியைத் தாண்டும்போது எல்லா வண்டியும் வேகத்தைக் குறைக்கும். எங்கள் ஆட்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். டவுன் பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கண்ணாடியில் முருகன் படம் ஒட்டிய ஆட்டோக்காரர் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போடுவார். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர் சில்லறையை வீசுவார், அது உண்டியலில் விழாமல் எங்கள் மதிலில் பட்டுத் தெறிக்கும். பிரியாணிக் கடை பாய் மகளுக்குப் பரீட்சை என்றால் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தியை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போவார். வாசலில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதே எனக்கு ஒரு ஜெபம் மாதிரி. இத்தனை பேர் இந்த ஒரு இடத்தில் அவசரத்தை விடுகிறார்களே என்று சந்தோஷமாக இருக்கும்.

வண்டி எண்ண வந்த பெண் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்துக்காரி. டிப்ளமோ படித்தவள். காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவாள், சாயங்காலம் அவள் இடத்துக்கு வேறொரு பையன் வருவான். வெயில் ஏறியதும் கெபி நிழலுக்கு நாற்காலியை நகர்த்திக்கொள்வாள். மனைவி அவளுக்கு மோர் கொடுத்தாள், மறுநாள் இட்லியும் கொடுத்தாள். எனக்கு அந்த வாரம் இரவு ஷிஃப்ட். காலையில் அவள் பக்கத்தில் போய் நின்று பேச்சுக் கொடுத்தேன்.

"பாப்பா, இது எதுக்குன்னு கேக்கலாமா?"

"இந்த ரோடு எவ்ளோ வண்டி தாங்கும்னு பாக்கறாங்க ஐயா. ஒரு லேன்ல ஒரு மணி நேரத்துல எத்தினி வண்டி போவ முடியும்னு ஒரு அளவு இருக்குது. அந்த அளவுக்கு மேல வண்டி வந்தா ரோட்டைப் பெருசாக்கணும்."

"அப்போ வண்டி கம்மியா போனா?"

"பெருசாக்க வேண்டாம்."

அது போதும் என்று நான் உள்ளே போயிருக்க வேண்டும். போகாமல் நின்று, அவள் எப்படி எண்ணுகிறாள் என்று கேட்டேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

"எல்லாத்தையும் காரா மாத்தி எண்ணணும் ஐயா. பைக்குன்னா அரை காரு. லாரின்னா மூணு காரு. மாட்டு வண்டின்னா எட்டு காரு."

"மாட்டு வண்டி எட்டு காரா?"

"எடத்தை அடைக்குதுல்ல. மெதுவா வேற போவுது. பின்னாடி வர்றவங்களையும் மெதுவாக்குது."

எட்டு காருக்குச் சொந்தக்காரர் என்று தெரியாமலே மணல் ஏற்றிய மாட்டு வண்டிக்காரர் ஒருவர் அப்போது பீடி பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"நம்ம கெபியாண்ட நின்னு கும்புட்டுட்டுப் போற பைக்கு? அது அரையா, ஒண்ணா?"

அவள் என்னைப் பார்த்தாள், கெபியைப் பார்த்தாள். "அதுக்குத் தனியா ஒண்ணும் சொல்லலைங்க ஐயா" என்றாள்.

யூனிட்டில் நான் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்குக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சைப் பூசி, சூளை டிராலியில் அடுக்குகிற ஆள். எங்கள் சூளை சுரங்கம் மாதிரி நீளமானது. ஒரு வாயில் டிராலி நுழையும், வெந்து மறு வாயில் வெளியே வரும். ஒரு டிராலியில் எத்தனை அடுக்கலாம், எவ்வளவு வேகத்தில் தள்ளலாம் என்பதற்கு அளவு உண்டு. ரோடும் அப்படித்தான் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் அவளிடம் சொன்னேன்.

"அதேதான் ஐயா" என்றாள். பிறகு, "ஆனா அதே இல்ல" என்றாள். "உங்க டிராலி எல்லாம் ஒரே வேகத்துல போவும். இங்க வேகமாப் போனா எடைவெளி அதிகமா வுடணும், அதனால கொஞ்சந்தான் போவும். ரொம்ப மெதுவாப் போனா ஒட்டிக்கிட்டு நிப்பாங்க, அப்பவும் கொஞ்சந்தான் போவும். நடுவுல ஒரு வேகம் இருக்குது. அப்பதான் ரொம்ப வண்டி போவும்."

"அப்ப ரோடு காலியா இருந்தாலும் எண்ணிக்கை கம்மி, ரோடு அடைச்சுக்கிட்டாலும் எண்ணிக்கை கம்மியா?"

"ஆமாங்க ஐயா."

"அப்பறம் ஒன் கையில இருக்கற எண்ணிக்கையைப் பாத்து, காலியா இருந்துச்சா அடைச்சிருந்துச்சான்னு எப்பிடிக் கண்டுபுடிப்பாங்க?"

அதற்குள் நாலைந்து வண்டிகள் சேர்ந்து வந்துவிட்டன. அவள் கட்டை விரல் கையிலிருந்த எண்ணும் கருவியில் டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. வேலையைக் கெடுக்கக் கூடாது என்று நான் நகர்ந்துவிட்டேன். அவள் பதில் சொல்லும் வரை அங்கேயே நின்றிருந்தால் அந்த வாரமே வேறு மாதிரி போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவள் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அன்று மாலை எங்கள் தெரு அன்பியம் கூடியது. தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம் அது. அக்டோபரில் ஒவ்வொரு வீடாக ஜெபமாலை போகும். பக்கத்து வீட்டுத் தையல்கடைக்காரர் வீட்டு முறை அது. ஜெபம் முடிந்ததும் பேச்சு ரோட்டுக்குத் திரும்பியது. நான் அந்தப் பெண் சொன்னதில் எனக்குப் புரிந்த பாதியைச் சொன்னேன். வண்டி குறைந்தால் ரோடு அப்படியே இருக்கும்.

"அப்ப ஜெபமாலையை வூடு வூடா எதுக்கு வெச்சுக்கணும்?" என்றார் தையல்கடைக்காரர். "எண்ற வரைக்கும் எல்லாரும் கெபியாண்டயே கூடுவோம். வண்டி குறையணும்னு ஒரே கருத்தா வேண்டிக்குவோம்."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் கருத்தை, அதாவது எதற்காக ஜெபிக்கிறோம் என்பதை, எப்படிச் சொல்வது என்பதில் தகராறு வந்தது. கெபியைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் ஜெபத்தை முன்நின்று நடத்துகிறவனும் நான்தான். என் வாயால்தான் சொல்ல வேண்டும்.

"வண்டியெல்லாம் வேற ரோட்டுல போவணும்னு சொல்லுங்க" என்றாள் ஒரு அம்மா.

"எந்த ரோட்டுல? என் தங்கச்சி வூடு அந்தாண்ட ரோட்டுலதான் இருக்குது. அவ வூட்டை இடிக்கச் சொல்றியா?" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப வண்டி ரிப்பேராவட்டும்னு கேளுங்க."

"ஏன், ஒன் வூட்டுக்காரரு மெக்கானிக்குன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், "எங்கள் மாதா கெபிக்கு முன்னால் செல்லும் வண்டிகள் குறையும்படியாக" என்று பொதுவாகச் சொல்வது என்று முடிவானது. வண்டிகள் எங்கே போகும், எப்படிக் குறையும் என்பதை மாதாவிடமே விட்டுவிட்டோம். பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் பள்ளிக்கூட ஓட்டுக்கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்றிருந்தார்.

"தோத்திரம் சாமி. வண்டி குறையணும்னு ஜெபம் பண்ணலாமுங்களா?"

"பண்ணுங்க. ரோட்டை மறிக்காம பண்ணுங்க" என்றார். மேலே இருந்த ஆளிடம், "அந்த ஓட்டை நகத்துப்பா" என்றார்.

நாங்கள் ரோட்டை மறிக்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எல்லாரும் ஓரமாகத்தான் நின்றோம். ஆனால் ஓரத்தில் நாங்கள் நின்றதால் நாங்கள் வந்த பைக்குகளை எங்களுக்கு வெளியே, தார்ப் பக்கமாக நிறுத்தினோம். கூட்டத்தைப் பார்த்து ஒரு பொரிக்காரர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து பைக்குகளுக்கு வெளியே நிறுத்தினார். என் மனைவி பெரிய குண்டானில் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்திருந்தாள். ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. மெதுவாகப் போகிற ஆட்டோக்காரருக்கு ஒரு தொன்னை நீட்டினாள். அவர் நின்று வாங்கிக்கொண்டார். பின்னால் வந்த மினி லாரிக்காரர் எனக்கு இல்லையா என்பது போலப் பார்த்தார். அவருக்கும் கொடுத்தாள். டவுன் பஸ் டிரைவர் தானே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். கண்டக்டர், "எனக்கும் சேத்துக் குடும்மா" என்று பின்படியிலிருந்து கூப்பிட்டார். பஸ்ஸுக்குள் இருந்த நாலு பேர் இறங்கி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஏறினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையின் மூன்றாவது தேவ இரகசியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம் கேட்டது. சாயங்காலத்தில் அது எப்போதும் கேட்கிற சத்தம்தானே என்று நினைத்தேன்.

மறுநாள் கூட்டம் இன்னும் கூடியது. பக்கத்துத் தெரு அன்பியமும் வந்தது. சுண்டல் விஷயம் பரவியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர வேண்டிய பையன் வரத் தாமதம். அந்தப் பெண்ணே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். ஜெபம் முடிந்து நான் போய்க் கேட்டேன்.

"எப்படிம்மா இருக்குது எண்ணிக்கை?"

"குறைஞ்சுடுச்சு ஐயா. சாயங்காலத்துல ரொம்பக் கம்மி. தினமும் குறைஞ்சுக்கிட்டே வருது."

நான் கெபிப் படியில் அப்படியே முட்டி போட்டேன். தையல்கடைக்காரர், "சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று எல்லாரிடமும் போனார். அந்தப் பெண் மட்டும் முகம் மலராமல் என் பக்கத்தில் வந்து, "ஐயா, அது வந்து, நீங்க நினைக்கிற மாதிரி..." என்று ஆரம்பித்தாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது. கெபியைத் தாண்டும்போது அது மெதுவாக ஊர்ந்ததால் ஓடிப்போய் எளிதாக ஏறிக்கொண்டாள். "நாளைக்குச் சொல்றேன் ஐயா, போயிட்டு வரேன்" என்று படியிலிருந்து கை காட்டினாள். மறுநாளிலிருந்து அவளுக்கு வேறு ரோட்டில் வேலை போட்டுவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து கிறிஸ்துமஸ் குடில் வேலைகள் தொடங்கிய சமயம் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு எஞ்சினியர் இறங்கினார். வயது குறைவுதான், மரியாதையாகப் பேசினார். அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள். தெருவில் உள்ளவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"பயப்படாதீங்க. ரோட்டை அகலப்படுத்தப் போறதில்ல" என்றார் எஞ்சினியர்.

தையல்கடைக்காரர் கைதட்டினார். ஒரு அம்மா மாதாவைப் பார்த்துக் கும்பிட்டு அழுதாள். எஞ்சினியர் கையமர்த்திவிட்டு மேலே சொன்னார். இந்த ரோட்டுக்கு இருக்கிற லேனே போதுமாம். இதற்கு முன்னாலும் பின்னாலும் எண்ணியதில் வண்டிகள் நன்றாகவே போகின்றனவாம். இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் லேன் பாதியாகச் சுருங்குகிறதாம். இங்கே இருக்கிற இடைஞ்சலை எடுத்துவிட்டால் போதுமாம், பல வருஷத்துக்கு அகலப்படுத்தவே தேவைப்படாதாம்.

"என்னா இடைஞ்சலுங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணால் கெபியைக் காட்டினார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"வண்டிதான் குறைஞ்சுடுச்சே சார்" என்றேன். "இந்தப் பாப்பாவே சொல்லிச்சு."

"வண்டி வராததால குறையலைங்க பெரியவரே. வந்த வண்டி போவ முடியாததால குறைஞ்சுது. ஒரு மணி நேரத்துல போவ வேண்டியது ரெண்டு மணி நேரம் நின்னு போயிருக்குது. கேமராவுல பாத்தோம். சுண்டல் குடுத்துக்கிட்டு இருந்தாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்த ஒரு வாரந்தான் சார் கூட்டம் போட்டோம்."

"அந்த வாரத்தை வுடுங்க. மத்த நாள்லயும் இந்த எடத்துல எல்லா வண்டியும் மெதுவாவுது, நிக்குது. ஒரு பைக்கு நின்னா பின்னாடி வர்ற பஸ்ஸு நிக்குது. கெபி தாரை ஒட்டி இருக்கறதால ஒதுங்கவும் எடமில்ல. கெபியைப் பின்னாடி நகத்துங்க, இல்ல எடுத்துடுங்க. பொங்கல் முடியற வரைக்கும் டைம் தரோம்."

ஜீப்பில் வந்த ஆள் ஒருவர் கெபியின் அடியில், உடைந்த வெள்ளை ஓட்டின் மேல், சிவப்புப் பெயிண்டில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்.

தெரு முழுக்க அன்று சந்தோஷம். அவரவர் படிக்கட்டை அவரவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "மாதா நம்ம வூட்டையெல்லாம் காப்பாத்திட்டாங்க" என்று சொல்லிச் சொல்லிப் போனார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து நன்றி சொல்ல வேண்டியவன்தான். என் முன்னறையும் தப்பியது. ஆனால் நான் கேட்டது கெபிக்காக. வண்டி குறையும்படி கேட்டேன், குறைந்தது. குறைந்ததாலேயே கெபி போகப் போகிறது. கேட்காமல் இருந்திருந்தால் இந்த இடம் இடைஞ்சல் என்று அவர்கள் கண்ணில் பட்டிருக்காதோ என்னவோ. அல்லது ரோடு அகலமாகி எல்லாமே போயிருக்குமோ. எந்தப் பக்கம் நின்று யோசித்தாலும் மறு பக்கம் இடித்தது.

யூனிட்டில் என்னோடு கிளேஸ் பூசுகிறவர் ஒருவர் உண்டு. பழமலைநாதர் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளேஸ் வாளியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"நீங்க கேட்டதைத்தானே ஒங்க மாதா குடுத்தாங்க? அப்பறம் என்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு?"

"நான் இப்படிக் கேக்கலையே."

"எங்க தேரு வந்தா ஊரு ரோடே நிக்குது. எவனாவது நாற்காலி போட்டு எண்றானா? நீங்க தினமும் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துனீங்க பாரு, அதான் மாட்டிக்கிட்டீங்க. நிறுத்துனா மொத்தமா நிறுத்தணும்."

கேலிதான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பின்னாடி என்னா இருக்குது கெபிக்கு?" என்று கேட்டார்.

"என் மதிலு. அதுக்குள்ள என் வாசலு."

அவர் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

சாமியார் வேறு யோசனை சொன்னார். சுரூபத்தைக் கோயில் வளாகத்துக்கே கொண்டுபோய்விடலாம், அங்கே இடமும் இருக்கிறது, ஏற்கெனவே ஒரு கெபியும் இருக்கிறது, அதன் பக்கத்தில் வைக்கலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அங்கே வருகிறவர்கள் கோயிலுக்கென்றே வருகிறவர்கள். பாய் அங்கே வர மாட்டார் என்றில்லை, வந்தாலும் கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, யாரிடமாவது சொல்லி உள்ளே போக வேண்டும். கரும்பு டிராக்டர்க்காரர் டிராக்டரை எங்கே நிறுத்துவார்? நான் சாமியாரிடம் இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மனைவியிடம் பேச்சை எடுக்கத் தெரியாமல் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"என்னா அளக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"மாதாவை நம்ம வாசல்ல வெச்சுடலாம்னு பாக்கறீங்க. ஜீப்பு வந்த அன்னைக்கே தெரியும்."

"வைக்கலாமா?"

"நான் துணி எங்க காயப்போடுவேன்? பாவாடையும் பனியனுமா தொங்கும், எதிர்த்தாப்புல மாதா இருப்பாங்களா? நம்ம தண்ணி பிடிக்கிற குழாயும் அங்கதான். காலையில நைட்டியோட பல் வெளக்கிட்டு நிப்பேன், எவனாவது வந்து மெழுகுவத்தி ஏத்தணும்பான். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவாங்க. ஊரே நம்ம வூட்டுக்குள்ள வந்து நிக்கும்."

அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. மறுபடியும் போய் மதிலைத்தான் அளந்தேன். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. தட்டை நங்கென்று வைத்தாள். இரண்டு நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் துணிக்கொடி இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மொட்டை மாடியில் புதிய கயிறு கட்டி, ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"மதிலை எவ்ளோ ஒசரம் குறைப்பீங்க?" என்று மேலிருந்து கேட்டாள். "இவ்ளோ ஒசரம் இருந்தா பஸ்ஸுல போறவனுக்குத்தான் தெரியும். சைக்கிள்ல போறவனுக்குத் தெரியாது."

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் சுரூபத்தை எடுத்தோம். பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவில் ஒரு மதில்தான். நான் மட்டும் தூக்கி உள்ளே வைத்திருந்தால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் மாதாவை அப்படித் தூக்கி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. தெருக்கோடி வரை பவனியாகப் போய்த் திரும்பி வந்து வைப்பது என்று முடிவு செய்தார்கள். பேண்டு வந்தது. பாய் ரோஜா மாலை கொண்டுவந்தார். யூனிட் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன, பஸ், லாரி, டிராக்டர் எல்லாம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. டிராக்டர்க்காரர் இறங்கி வந்து பல்லக்கில் ஒரு கை கொடுத்தார். அந்தப் பெண்ணும் மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். அவள் எங்கள் மதக்காரி இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் மனைவியோடு நடந்தாள்.

"இப்போ எண்ணலையா பாப்பா?" என்று கேட்டேன்.

"இப்போ சைபர் ஐயா" என்றாள். "ஒண்ணுகூட போவல."

எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. பல்லக்கின் தண்டு தோளை அழுத்திக்கொண்டிருந்தது.

இப்போது மாதா எங்கள் வாசலில், மதிலைக் குறைத்த இடத்தில், ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறார்கள். வெளியே கெபி நின்ற இடத்திலும் தாரைப் போட்டு ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டார்கள். இறங்கி வருகிறவர்கள் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறார்கள். மனைவி சொன்னது போல ராத்திரியிலும் வருகிறார்கள், அவளே எழுந்துபோய்த் திறக்கிறாள். ஆனால் போகிற வண்டிகள் மெதுவாவதில்லை. மெதுவாக்கத் தேவை இல்லாதபடி ரோடு சீராகிவிட்டது. அந்த எஞ்சினியர் சொன்னது பலித்துவிட்டது.

அதற்குப் பதிலாக வேறொன்று தொடங்கியிருக்கிறது. தாண்டும்போது ஒவ்வொரு வண்டியும் சின்னதாக ஒரு ஹாரன் அடிக்கிறது. நிற்க முடியவில்லை, கையெடுக்க நேரமில்லை, அதனால் ஒரு ஹாரன். டவுன் பஸ் இரண்டு தடவை அடிக்கும். டிராக்டர் நீளமாக அடிக்கும். விடியற்காலையில் தொடங்கினால் ஓயாது.

போன வாரம் எங்கள் வீட்டில் அன்பியம் கூடியது. தையல்கடைக்காரர் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வருகிறது.

"புள்ளையால படிக்க முடியல" என்றார். "நீங்க முன்னாடி நிக்கற ஆளு. இந்த ஹாரன் நிக்கணும்னு ஒரு கருத்து வெச்சு ஜெபியுங்களேன். போன தடவை கேட்டுது பாத்தீங்கல்ல."

எல்லாரும் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். வெளியே ஒரு பஸ் போனது, இரண்டு ஹாரன். ஹாரன் நின்றால் எப்படி நிற்கும்? டிரைவர் மறந்துபோய் நிற்குமா, ரோடு மறுபடி அடைத்துக்கொண்டு நிற்குமா, அல்லது இங்கே அடிக்க ஒன்றும் இல்லாமல் போய் நிற்குமா? அந்தப் பிள்ளை படிக்கவும் வேண்டும். மனைவி என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தாள். அவள் எதை வேண்டாம் என்கிறாள், ஹாரனையா, கருத்தையா என்றும் எனக்குப் பிடிபடவில்லை.

கருத்து எதுவும் சொல்லாமல் சிலுவை அடையாளம் வரைந்து, ஜெபமாலையின் முதல் ஜெபமான விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினேன்.